ஐந்து வாங்கிய கட்டி

பவானேஸ்வரி டீச்சருக்குப் பிழை என்றால் ஆகாது. கல்யாணப் பத்திரிகை வந்தால், மாப்பிள்ளை யார், பெண் யார் என்று பார்ப்பதற்கு முன் ஒற்றுப்பிழை எத்தனை என்று எண்ணுவார். கோயில் திருவிழாப் பதாகையில் ‘அன்னதாணம்’ என்று மூன்று சுழி போட்டு அடித்துவிட்டார்கள் என்பதற்காக, தலைவரை வீடு தேடிப் போய்ப் பிடித்து, பதாகையை மாற்ற வைத்த பிறகுதான் ஓய்ந்தார். மலேசியாவின் ஜாசின் ஊரிலிருந்து கால் மணி நேரத் தூரத்தில் உள்ள தோட்டத் தமிழ்ப்பள்ளியில் இருபத்தாறு வருஷம் சிவப்புப் பேனா பிடித்த கை அது. அப்படிப்பட்டவர், தன் கழுத்தைப் பற்றி வந்த ஒரே ஒரு பக்கத்தைத் தலைகீழாகப் படித்தார் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

அப்பா தம்புசாமி செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். ஐந்து பிள்ளைகளில் டீச்சர் ஒருவர்தான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனார். வீட்டில் எந்தக் கடிதம் வந்தாலும் சின்ன வயதிலிருந்தே இவர்தான் படித்துச் சொல்வார். அரசாங்கக் கடிதமா, மின்சாரக் கடிதமா, எதுவானாலும் ‘பவானி பார்த்தால் சரி.’ அந்தப் பழக்கம் இவருக்கும் ஒட்டிக்கொண்டது. தான் படித்தால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை ஐம்பதை நெருங்கும் வயதில் எலும்பில் ஊறிப் போயிருந்தது.

கழுத்தை முதலில் கவனித்தது ஜாசின் தையல்காரி திலகா. ஆசிரியர் தினத்துக்கு ரவிக்கை தைக்க அளவு எடுத்தபோது டேப்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

“டீச்சர், வலது பக்கம் என்னமோ ஏறியிருக்கே. கண்ணாடியில பாக்கலயா?”

“கொழுப்புலா. நீ அளவெடு.”

“கொழுப்பு ஒரு பக்கம் மட்டுமா டீச்சர் வரும்?”

அன்று இரவு கண்ணாடி முன் நின்று எச்சில் விழுங்கிப் பார்த்தார். வலது பக்கத்தில் ஏதோ ஒன்று மேலே போய்க் கீழே இறங்கியது. பயம் வந்தது. பயத்தை வெளியே காட்டத் தெரியாத பிறவி என்பதால் கோபமாக வந்தது. கணவர் தர்மேந்திரனைத் திட்டினார். பக்கத்தில் இருபத்து மூன்று வருஷமாகப் படுத்திருக்கிற மனிதருக்குத் தெரியாதது தையல்காரிக்குத் தெரிகிறதாம். சுங்கை ஊடாங் சுத்திகரிப்பு ஆலையில் வெல்டர்களை மேய்க்கும் தர்மேந்திரன், வீட்டில் திட்டு வாங்குவதைச் சம்பளமில்லாத இன்னொரு வேலையாக எடுத்துக்கொண்டவர். மறுநாளே விடுப்புப் போட்டு, மலாக்கா டவுனில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்.

ஸ்கேன் அறையில் தோளுக்குக் கீழே தலையணை வைத்து, கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொன்னார்கள். குளிர்ந்த பசை. “எச்சில் விழுங்காதீங்க” என்றாள் ஸ்கேன் செய்த பெண். விழுங்காதே என்று சொன்னால்தானே விழுங்கத் தோன்றும்! வலது பக்கம் கருவியை ஓட்டி அளந்தாள், சரி. பிறகு இடது பக்கம் போனாள். போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். அழுத்தினாள், திருப்பினாள், படத்தை நிறுத்தினாள், மறுபடி அளந்தாள். கட்டி இருப்பது வலது பக்கம், இவள் இடது பக்கத்தில் என்ன தேடுகிறாள் என்று டீச்சருக்கு எரிச்சல். வேலை தெரியாத பெண் என்று மனதுக்குள் ஒரு சிவப்புக் கோடு போட்டார்.

“என்னம்மா இருக்கு?”

“டாக்டர் சொல்வாரு டீச்சர்.”

டாக்டரோ இரண்டு வாரம் கழித்துத்தான். அறிக்கையை மட்டும் உறையில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். டாக்டரைப் பார்க்கும்போது கொண்டு வாருங்கள் என்றார்கள். உறையில் போட்ட ஒன்றை இரண்டு வாரம் பிரிக்காமல் வைத்திருக்கிற தமிழச்சி இந்த மாநிலத்தில் பிறக்கவில்லை. கார் நிறுத்துமிடத்திலேயே பிரித்தார்.

முழுக்க ஆங்கிலம். அந்த ஆங்கிலமும் மனிதர் பேசுகிற ஆங்கிலம் இல்லை. டீச்சர் தத்தித் தடவி எடுத்துக்கொண்டது இவ்வளவு: வலது பக்கம் ஒரு கட்டி, இரண்டு புள்ளி எட்டு சென்டிமீட்டர், டிஆர் 3. இடது பக்கம் இன்னொரு கட்டி, ஒன்று புள்ளி ஒன்று சென்டிமீட்டர், அகலத்தைவிட உயரம் அதிகம், டிஆர் 5. கீழே, இரண்டிலும் ஊசி போட்டு எடுத்துச் சோதிப்பது நல்லது என்று ஒரு வரி.

இங்கேதான் வினை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், வருஷம் முழுக்க அவர்கள் உயிரை எடுப்பது டிபி, காசநோய் இல்லை, மலாயில் அடைவுநிலையின் சுருக்கம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் அடைவுநிலை போட வேண்டும், ஒன்றிலிருந்து ஆறு வரை. டிபி ஒன்று என்றால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்று என்றால் ஏதோ கரையேறிவிட்டது. ஐந்து என்றால் கெட்டிக்காரப் பிள்ளை, கவலையே வேண்டாம். இருபத்தாறு வருஷத்தில் கடைசிப் பத்து வருஷம் இந்த எண்களோடுதான் டீச்சர் தூங்கி எழுந்தார். டிபி, டிஆர். ஆங்கில ‘பி’க்கு ஒரு கால் முளைத்தால் ‘ஆர்.’ அவ்வளவுதான் வித்தியாசம். வலது பக்கத்துக் கட்டி மூன்று, தட்டுத் தடுமாறிப் பாஸ். இடது பக்கத்துக் கட்டி ஐந்து, நல்ல பிள்ளை. அகலத்தைவிட உயரம் அதிகமாம், நன்றாக வளர்ந்த பிள்ளை வேறு! ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை.

தர்மேந்திரன் எட்டிப் பார்த்தார். மூன்று என்ற எண்ணைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

“ஐயோ பவானி, ஸ்டேஜ் த்ரீயா?”

“ஏங்க, வாயைக் கழுவுங்க. ஸ்டேஜுன்னு எங்கங்க போட்டிருக்கு? டிஆர்னு போட்டிருக்கு. இது தரம். மூனுன்னா நடுத்தரம். அஞ்சு நல்லா இருக்கு, மூனைத்தான் பாக்கணும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியாம ஒங்களுக்குத் தெரியுமா?”

அத்தோடு பேச்சு முடிந்தது. ஆனால் தர்மேந்திரன் வாய் ஓட்டை. அன்று மாலைக்குள் லூபோக் சீனா என்ற ஊரில் இருக்கும் அவருடைய அக்கா ராஜம்மாவுக்கு ‘ஸ்டேஜ் த்ரீ’ போய்ச் சேர்ந்துவிட்டது. ராஜம்மா போனிலேயே ஒப்பாரி வைத்தார். பிறகு மருந்து சொன்னார். பப்பாளி இலைச் சாறு, கருஞ்சீரகம், மஞ்சள் பற்று. பாகோ ஊர்க்காரர் யாரோ ஒருவர் தொட்டால் கட்டி கரையுமாம்.

“கத்தி மட்டும் வைக்க உட்றாத பவானி. வச்சா பரவிரும்லா.”

“அண்ணி, கத்தி யாரும் வைக்கல. போனை வைக்கிறேன்.”

அந்த இரண்டு வாரமும் நரகம். பள்ளியில் ஒருவர் விடாமல் கழுத்தைப் பார்த்துத்தான் பேசினார்கள். தலைமையாசிரியர் வேலைப்பளுவைக் குறைக்கிறேன் என்று சொல்லி, போட்டி விளையாட்டுக் குழுவைத் தலையில் கட்டினார். தர்மேந்திரன் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் நடந்தார். இத்தனைக்கும் நடுவில் டீச்சருக்கு உள்ளுக்குள் ஒரு மிதப்பு. இத்தனை முட்டாள்கள் நடுவில் அந்தக் காகிதத்தைச் சரியாகப் படித்தவர் தான் ஒருவர்தான் என்று.

டாக்டர் ஹாஃபிஸ் இளைஞர், நல்லவர், நேரமில்லாதவர். ஒன்பது மணிக்குக் கொடுத்த சந்திப்புக்குப் பதினொன்றேகாலுக்குக் கூப்பிட்டார்கள். பதிவு மேசையில் இருந்தவள் பெயரை ‘பவானி சூரி’ என்று அழைத்ததில் டீச்சர் ஏற்கெனவே கொதித்துப் போயிருந்தார். டாக்டர் திரையைப் பார்த்தபடியே மலாயில் பேசினார். இரண்டு பக்கமும் ஊசி போட வேண்டும். வலது பக்கம் அளவு பெரிது என்பதால், இடது பக்கம் அதன் வகைக்காக.

“இடது பக்கம் டிஆர் ஐந்துதானே, டாக்டர்?” என்று டீச்சர் மலாயில் கேட்டார்.

“ஆமாம், ஐந்து. அதனால்தான்.”

ஐந்து என்பதனால்தான் ஊசியா! நன்றாகப் படிக்கிற பிள்ளையை எதற்கு வெளியே நிறுத்துவது? தனியார் மருத்துவமனை, ஒன்றுக்கு இரண்டாக எல்லாவற்றையும் செய்யப் பார்க்கிறார்கள் என்று டீச்சருக்குத் தோன்றியது. ஊசிக்குப் பயம் வேறு. தொண்டைதானே பிழைப்பு, அதில் இரண்டு பக்கமும் குத்திவிட்டு நாளைக்குக் குரல் போனால் நான்காம் ஆண்டு வகுப்பில் என்ன சைகையா காட்டுவது? வலது பக்கம் மட்டும் போதும், இடது பக்கம் வேண்டாம் என்றார். டாக்டர் முதல் முறையாகத் திரையை விட்டுத் திரும்பினார். இரண்டையும் செய்வதுதான் நல்லது என்றார். டீச்சர் அசையவில்லை. சரி, இன்று வலது பக்கம், மூன்று மாதத்தில் கட்டாயம் வந்து இடது பக்கம் என்றார் டாக்டர். அதற்குள் அவருடைய போன் இரண்டு தடவை அடித்துவிட்டது.

“ஃபாஹாம், சிக்கு?” என்று கேட்டார். புரிகிறதா, டீச்சர்?

“ஃபாஹாம்,” என்றார் டீச்சர்.

மறுத்ததற்கு ஒரு தாள் நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளிலும் ஒரு எழுத்துப்பிழை கண்டுபிடித்தார் என்பது வேறு கதை.

வலது பக்கம் ஊசி போட்டு எடுத்ததன் முடிவு பத்து நாளில் வந்தது. சாதாரணக் கட்டி, புற்று இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று தர்மேந்திரன் கோயிலில் அர்ச்சனை செய்தார். ராஜம்மா, தான் அனுப்பிய கருஞ்சீரகம்தான் காரணம் என்று லூபோக் சீனா முழுக்கச் சொல்லிக்கொண்டார். அதை டீச்சர் தொட்டே பார்க்கவில்லை. ஆசிரியர் அறையில் கேசரி கொடுத்தார். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். கழுத்தில் அந்த வீக்கம் அப்படியேதான் இருந்தது, ஆனால் கெட்ட பெயர் போய்விட்டதால் யாரும் அதைப் பார்க்கவில்லை.

மூன்று மாதச் சந்திப்பு அன்று பள்ளியில் விளையாட்டுப் போட்டி. டீச்சர் தள்ளிப் போட்டார். தள்ளிப் போட்டது மறந்தே போனது. நல்ல மார்க் வாங்கிய பக்கத்துக்கு யார் அவசரப்படுவார்கள்?

நவம்பரில் ஒரு நாள், இடைவேளையில், மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. நளினி என்று ஒரு தாதி. அந்தப் பிரிவில் ஒன்பது வருஷம் இருப்பவள், விட்டுப்போன சந்திப்புகளைப் பட்டியல் போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், ரெண்டு தடவ மெசேஜ் அனுப்பினோம். எடது பக்கத்துக்கு நீங்க வரவே இல்லியே.”

“அதுக்கென்னம்மா இப்ப? அது நல்லாதானே இருக்கு. அஞ்சு வாங்கியிருக்கு. மூனு வாங்கினதே ஒன்னும் இல்லன்னு ஆயிருச்சு.”

போனில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

“டீச்சர்... அஞ்சு நல்லதுன்னு யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? கூடுனா நல்லதுதானே?”

“இல்ல டீச்சர். ஐயோ. இதுல புள்ளி நல்லதுக்குக் குடுக்குறது இல்ல. உள்ள கெட்டியா இருந்தா ரெண்டு புள்ளி. கருப்பா தெரிஞ்சா ரெண்டு. படுத்த மாதிரி இல்லாம நட்டுக்க நின்னா மூனு. உள்ள பொடிப் பொடியா வெள்ளையா மின்னுனா மூனு. எல்லாத்தையும் கூட்டுவாங்க. கூடக் கூடத்தான் சந்தேகம் கூடும். ஏழு எட்டிட்டா அஞ்சாவது வகை. அதுக்கு மேல வகையே இல்ல. ஒங்களுது பத்து டீச்சர்.”

“அப்ப அந்தப் பெருசு?”

“அது மூனே மூனு புள்ளி. அளவு பெருசுங்கறதாலதான் ஊசி போட்டாங்க. பயப்பட வேண்டியது சின்னதுக்குத்தான்.”

பிள்ளைகள் கேன்டீனில் கத்திக்கொண்டிருந்தார்கள். டீச்சர் போனை வைத்தார். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று எத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பார்! பொருள் சொல்லி, வாக்கியம் அமைக்கச் சொல்லி, தப்பாக அமைத்தவனைத் திரும்ப எழுத வைத்து! யானைக்கும் அடி சறுக்கும் என்று தன்னைச் சமாதானம் செய்துகொள்ள முடியவில்லை. யானை தானே வழுக்குப் பாறையைத் தேடிப் போய் ஏறி, பிடிக்க வந்தவனையும் தள்ளிவிட்டிருக்கிறது. ஏழு மாதம். பக்கத்தில் இருந்த யாரையும் கேட்காமல், கேட்டவர்களையும் வாயடைத்து, கேசரி வேறு கொடுத்து.

தர்மேந்திரனிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“நான் ஸ்டேஜ்னேன், நீ தரம்னே. ரெண்டு பேரும் லட்சணம்தான்,” என்று மட்டும் சொன்னார். அவர் தவறு ஒரே நாளில் சிரிப்பாய்ப் போனது. இவர் தவறுதான் ஏழு மாதம் தின்றது.

மறு ஸ்கேனில் இடது பக்கத்துக் கட்டி ஒன்று புள்ளி மூன்று ஆகியிருந்தது. ஊசி போட்டார்கள். இந்த முறை டீச்சர் எதுவும் பேசவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டார், வலித்தது, குரல் போகவில்லை. ஏழு மாதம் பயந்த பயத்துக்கு ஊசி ஒரு எறும்புக் கடி அளவுதான் இருந்தது. அதை நினைக்க இன்னும் ஆத்திரமாக வந்தது.

முடிவு சொல்ல டாக்டர் ஹாஃபிஸ் கூப்பிட்டபோது மணி பன்னிரண்டு. தைராய்டில் வரும் புற்று, மெதுவாக வளரும் வகை, அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலும் நன்றாகிவிடும் என்றார். டீச்சருக்கு ‘புற்று’ என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் காதில் விழவில்லை. எழுந்தது கோபம் ஒன்றுதான்.

“ஏன் டாக்டர் என்கிட்ட சொல்லல? அஞ்சுன்னா மோசம்னு ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை! உங்க காகிதத்துல எங்கயாவது எழுதியிருக்கா?” மலாயில் ஆரம்பித்தது பாதியில் தமிழாகிவிட்டது. டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்தது.

அவர் முகம் சிவந்தது. தான் விளக்கியிருக்க வேண்டும், உண்மைதான் என்றார். அன்று நேரமில்லை. பிறகு, சண்டைக்காக இல்லாமல், உண்மையாகவே புரியாதவர் போலக் கேட்டார்: “ஆனால் நான் கேட்டேனே, சிக்கு. புரிகிறதா என்று. நீங்கள் புரிகிறது என்றீர்களே.”



புரிகிறது. இருபத்தாறு வருஷமாக அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுப் புளித்த காது அது. ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் முப்பது வாய் ஒரே ராகத்தில் ‘புரிஞ்சிச்சு டீச்சர்’ என்று பாடும். அதற்கு என்ன அர்த்தம் என்று இந்த நாட்டில் இவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? ஒன்றும் புரியவில்லை, சீக்கிரம் விடுங்கள் என்று அர்த்தம். தெரிந்தும், மணி அடிக்கப் போகிறதே, பாடத்திட்டம் முடியவில்லையே என்று அடுத்த பக்கத்துக்குத் திருப்பிய நாட்கள் எத்தனை! அந்த நாட்களில் பின்வரிசையில் எந்தப் பிள்ளை எதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனதோ. எதிரில் உட்கார்ந்திருந்த இளைஞர்மீது பாதிக் கோபம் இறங்கியது. மீதிப் பாதி போக இடமில்லாமல் டீச்சரிடமே நின்றது.

டாக்டர் அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். எந்தப் பக்கம் எடுப்பது, முழுவதும் எடுக்க வேண்டி வருமா, குரல் நரம்பு எங்கே ஓடுகிறது, மாத்திரை எவ்வளவு காலம். வேகமாகத்தான் சொன்னார், பழக்கம் எங்கே போகும். தர்மேந்திரன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். கடைசியில் டாக்டர் நிறுத்தி, கொஞ்சம் தயங்கி, கேட்டார்.

“ஃபாஹாம், சிக்கு?”

தர்மேந்திரன் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார். டீச்சர் அவர் முழங்கையை அழுத்தினார்.

“தாக் ஃபாஹாம், டாக்டர்,” என்று மலாயிலேயே சொன்னார். “புரியல. ஒன்னுமே புரியல. மொதல்லேருந்து சொல்லுங்க, மெதுவா.”

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே இன்னும் பதினொரு பேர் காத்திருந்தார்கள். டீச்சர் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.